ஒரே பாட்டு, எல்லாக் காட்டுக்கும்

1965 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் மீன் பிடிப்பதற்காகத் தன் கேம்பர் வண்டியை ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் லாஸ் பாத்ரெஸ் தேசிய வனத்துக்குள் போனார். அப்போது அவர் பெரும் புகழில் இருந்தார். போதை மாத்திரைகளின் பிடியிலும் இருந்தார். வண்டியின் புகைக்குழாய் பழுதாகியிருந்தது, அதன் சூட்டில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது என்பது அவர் சொன்ன காரணம். உடன் போயிருந்த உறவினரோ, குளிர்காய்வதற்காகக் கேஷ் மூட்டிய நெருப்புதான் கைமீறிப் போனது என்று நம்பினார். எப்படிப் பற்றியிருந்தாலும் 508 ஏக்கர் எரிந்தது. அழிவின் விளிம்பில் இருந்த காண்டோர் கழுகுகளின் புகலிடம் அது. அங்கிருந்த 53 பறவைகளில் 49 விரட்டப்பட்டதாகக் கணக்குச் சொன்னார்கள்.

அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. விசாரணையில் கேஷ், தீ வைத்தது தானல்ல, வண்டிதான், அதுவும் செத்துவிட்டது, அதைக் கேள்வி கேட்க முடியாது என்று பதில் சொன்னார். கழுகுகளைப் பற்றிக் கேட்டபோது இழிவாகப் பேசினார். கடைசியில் 82,001 டாலர் கட்டினார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய சுயசரிதையில், அன்று தன்னிடம் இருந்தவை போதையும் ஆணவமும்தான் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கேஷின் குரலை நான் நெடுங்காலமாக நேசிக்கிறேன். சிறைக்கைதிகளுக்காகவும் செவ்விந்தியப் பழங்குடிகளுக்காகவும் பாடிய மனிதர் ஒரு காட்டை எரித்துவிட்டு அப்படிப் பேசினார் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்த வலியில்தான் அமெரிக்க ஜனரஞ்சக இசைக்கும் காட்டுத்தீக்கும் இடையில் என்னென்ன உறவு இருந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடிய பாதை முழுவதும் ஒரு கரடி வந்தது. தொப்பி அணிந்து, ஜீன்ஸ் போட்டு, கையில் மண்வாரியுடன் நிற்கும் ஸ்மோக்கி கரடி, அமெரிக்க வனத்துறையின் தீத்தடுப்புச் சின்னம்.

அந்தக் கரடி பிறந்த கதையும் இதே லாஸ் பாத்ரெஸில்தான் தொடங்குகிறது. 1942 பிப்ரவரி 23 அன்று மாலை ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் சாண்டா பார்பரா அருகே கடலின் மேல் எழும்பி, எல்வுட் என்ற இடத்தில் இருந்த எண்ணெய் வயல்மீது குண்டு வீசியது. சேதம் சொற்பம். ஆனால் அந்த வயலுக்குப் பின்னாலேயே லாஸ் பாத்ரெஸின் மலைகள் இருந்தன. தீக்குண்டு ஒன்று அங்கே விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. தீயணைக்க வேண்டிய இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள். ஆகவே தீ பிடிக்காமல் தடுப்பதே வழி, அதற்கு மக்களிடம் பேச வேண்டும் என்று வனத்துறை முடிவு செய்தது. போர்க்கால விளம்பரக் குழு கைகொடுத்தது. கவனமில்லாமல் எறியும் தீக்குச்சி எதிரிக்குச் செய்யும் உதவி என்ற தொனியில் முதல் சுவரொட்டிகள் வந்தன. எதிரி வெளியிலிருந்து வருகிறவன், தீ அவனுடைய ஆயுதம். இந்த முதல் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த பிறகும் அது போகவே இல்லை.

அடுத்ததாக டிஸ்னியின் பாம்பி மான்குட்டி சுவரொட்டிக்கு வந்தது. ஆனால் டிஸ்னி நிறுவனம் அதை ஓராண்டுக்குத்தான் கடன் கொடுத்தது. சொந்தமாக ஒரு விலங்கு வேண்டும் என்ற நிலையில், 1944 ஆகஸ்ட் 9 அன்று கரடி என்று முடிவாயிற்று. மூக்கு குட்டையாக இருக்க வேண்டும், முகத்தில் அறிவும் கவர்ச்சியும் தெரிய வேண்டும், காட்டுவாழ்வை நினைவூட்டும் அகன்ற தொப்பி இருக்கலாம் என்றெல்லாம் குறிப்பு எழுதினார்கள். ஆல்பர்ட் ஸ்டேலே என்ற ஓவியர், மூட்டிய நெருப்பில் வாளித் தண்ணீரை ஊற்றும் கரடியை வரைந்தார். பெயர் நியூயார்க் தீயணைப்பு வீரர் ஒருவரிடமிருந்து வந்தது. ‘ஸ்மோக்கி’ ஜோ மார்ட்டின் 1922-இல் தீக்காயம் பட்டு, பார்வை பாதிக்கப்பட்டும், பிறரைக் காப்பாற்றியவர். காட்டுக்கரடிக்குப் பெருநகரத் தீயணைப்பு வீரரின் பெயர். எரிகிற கட்டடத்தில் தீக்கு நல்ல முகமே கிடையாது. அங்கே அணைப்பது ஒன்றே வேலை. காட்டில் அப்படி இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1947-இல் அந்தப் புகழ்பெற்ற வாசகம் வந்தது: வனத்தீயைத் தடுக்க உங்களால் மட்டுமே முடியும். 1950 மே மாதத்தில் கரடிக்கு உயிரும் வந்தது. நியூ மெக்சிகோவின் கேபிட்டன் மலைகளில் சுமார் 17,000 ஏக்கரை எரித்த தீயில், பாதங்கள் வெந்து, கருகிய மரத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு கரடிக்குட்டியை வீரர்கள் கண்டெடுத்தார்கள். ‘ஹாட்ஃபுட் டெடி’ என்று முதலில் அழைக்கப்பட்ட அந்தக் குட்டி, சிகிச்சைக்குப் பின் ஸ்மோக்கி என்ற பெயருடன் வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனது. 1976-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தது. குழந்தைகள் எழுதும் கடிதங்கள் குவிந்ததால் 1964-இல் 20252 என்ற தனி அஞ்சல் குறியீடே அதற்கு ஒதுக்கப்பட்டது. இறந்த பிறகு உடலைக் கேபிட்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

சுவரொட்டி கண்ணுக்கு, குட்டி மனத்துக்கு. வாய்க்கு ஒன்று வேண்டியிருந்தது. அது 1952-இல் வந்தது.

ஸ்டீவ் நெல்சன், ஜாக் ராலின்ஸ் இருவரும் எழுதிய பாட்டு அது. கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசையின் பாடகர் எடி ஆர்னால்ட் பாடி இசைத்தட்டாக வந்தது. இந்தப் பாடலாசிரியர்கள் யார் என்று தெரிந்தால்தான் பாட்டின் தன்மை விளங்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவெங்கும் ஒலிக்கும் ஃப்ராஸ்டி என்ற பனிமனிதனின் பாட்டும், ஈஸ்டருக்கு ஒலிக்கும் பீட்டர் காட்டன்டெயில் முயலின் பாட்டும் இவர்கள் எழுதியவை. இரண்டையும் 1950-இல் ஜீன் ஆட்ரி பாடினார், இரண்டும் பெருவெற்றி. பனிமனிதன், முயல், அடுத்து கரடி. வனத்துறையின் சின்னம் பண்டிகைக்காலக் குழந்தைப் பாத்திரங்களின் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. 1966-இல் அந்தக் கரடியைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு மணிநேரப் பொம்மைப் படம் வந்தபோது அதற்குப் பாட்டு எழுதியவர் ஜானி மார்க்ஸ். சிவந்த மூக்குக் கலைமான் ருடால்ஃபின் பாட்டை எழுதியவர் அவர்தான். இந்த ஒற்றுமை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பாட்டை முதலில் எனக்குப் பாடிக் காட்டியவள் என் மகள். பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து, நடைக்கேற்பக் காலைத் தட்டித் தட்டிப் பாடினாள். நல்ல பாட்டு என்று உடனே தெரிந்தது. அணிவகுப்பு நடை, எளிய ஏற்ற இறக்கம், மூன்றே நிமிடத்துக்குள் உடை, குணம், வேலை, எச்சரிக்கை எல்லாம் சொல்லி முடித்துவிடுகிறது. குழந்தையின் மூச்சு எவ்வளவு நீளும் என்று அளந்து எழுதப்பட்ட அடிகள். தாளத்தில் ஓர் அசை குறைந்ததால் பாடலாசிரியர்கள் பெயருக்கு நடுவில் ‘த’ (the) என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ‘ஸ்மோக்கி த பேர்’ (கரடி) ஆக்கினார்கள். வனத்துறை இன்றுவரை ‘ஸ்மோக்கி பேர்’ என்றுதான் எழுதுகிறது. மக்கள் கேட்டார்களா? 1955-இல் வந்த சிறுவர் புத்தகத்தின் தலைப்பே பாட்டில் இருந்தபடிதான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாட்டுப்படிதான் சொல்கிறார்கள்.

பெயருக்கான காரணத்தையும் பாட்டு மாற்றிவிட்டது. தீ மூள்வதற்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்கிறது பாட்டு. நியூயார்க்கின் ஜோ மார்ட்டின் அதோடு மறைந்துபோனார்.

பாட்டு வந்த அதே 1952-இல் நாடாளுமன்றம் ஸ்மோக்கி கரடிச் சட்டத்தை நிறைவேற்றியது. கரடியின் உருவமும் பெயரும் பொதுச்சொத்தாக இல்லாமல் வேளாண் அமைச்சரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பொம்மை விற்பவரும் புத்தகம் போடுபவரும் உரிமம் பெற்றுப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் தீத்தடுப்புக் கல்விக்குப் போகும். ஐடியல் நிறுவனம் வெளியிட்ட கரடிப் பொம்மையோடு ஒரு அட்டையும் வந்தது. அதை நிரப்பி அனுப்பினால் குழந்தை ‘இளைய வனக்காவலர்’ ஆகலாம். மூன்று ஆண்டுகளில் ஐந்து லட்சம் குழந்தைகள் விண்ணப்பித்தார்கள். வானொலி நிலையங்கள் பொதுநல அறிவிப்புகளுக்குக் கட்டணம் வாங்காமல் நேரம் ஒதுக்கின. பாடகர்களும் நடிகர்களும் கரடிக்காகக் குரல் கொடுத்தார்கள். நாட்டின் எந்த மூலையிலும் ஒரே குரல், ஒரே வாசகம், ஒரே மெட்டு.

அரசு பாட்டைப் பயன்படுத்தியது அது முதல் முறையல்ல. 1941-இல் கொலம்பியா நதியின் அணைகளையும் மின்சாரத்தையும் புகழ்ந்து பாட ஒரு மாதத்துக்கு நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியை வேலைக்கு வைத்தார்கள். 266 டாலர் 66 சென்ட் சம்பளத்துக்கு அவர் 26 பாடல்கள் எழுதினார். அற்புதமான பாடல்கள். அந்த அணைகள் சால்மன் மீன்களின் வழியை மறித்தது அவற்றில் இல்லை. எனினும் கத்ரிக்கு ஒரு வசதி இருந்தது: அவர் பாடியது ஒரே ஒரு நதியைப் பற்றி. எந்தக் கரை, எந்த மலை, எந்த அணை என்று பெயர் சொல்லிப் பாடினார். கரடிப் பாட்டில் காடு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் மனக்குறை இதுதான். தீ எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆனால் பாட்டு எல்லா ஊருக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

தெற்கிலிருந்து தொடங்குகிறேன். வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் நீள ஊசியிலை பைன் காடு இருந்தது. மரங்கள் விலகி விலகி நிற்கும், நடுவே முழங்கால் உயரப் புல். இந்தக் காடு தீயால் வாழும் காடு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தரையாகத் தீ ஓட வேண்டும். இளங்கன்று முதல் சில ஆண்டுகள் புல் கொத்தைப் போலவே இருக்கும்; நடுவில் உள்ள குருத்தைச் சுற்றி நீண்ட ஊசியிலைகள் அடர்ந்து காக்கும். தீ ஓடினால் இலை எரியும், குருத்து பிழைக்கும். அதற்குள் வேர் ஆழமாகப் போய்விடும். பிறகு ஒரே வீச்சில் தீயின் நாக்குக்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிடும். தீ ஓடாவிட்டால் ஓக் மரங்களும் புதர்களும் நெருங்கி வந்து நிழல் கட்டி, அந்தக் கன்றைக் கொன்றுவிடும்.

அந்தக் காட்டு மக்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பழங்குடிகள் எரித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்து குடியேறியவர்களும் மாட்டுக்குப் புதுப்புல் வேண்டியும், உண்ணியும் பாம்பும் குறைய வேண்டியும், காடை பெருக வேண்டியும் குளிர்காலக் கடைசியில் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அப்பனும் பாட்டனும் செய்த வேலை. அதை ஒழிக்கத்தான் 1928 முதல் 1931 வரை ‘டிக்சி க்ருசேடர்ஸ்’ என்ற பெயரில் தீத்தடுப்புப் பிரச்சாரகர்கள் லாரிகளில் திரைப்படக் கருவியுடன் ஊர் ஊராகப் போனார்கள். வழக்கத்தைத் தெற்கத்தியர் எளிதில் விடவில்லை.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அமெரிக்க இசையின் பெரும்பகுதி இந்த மண்ணில் முளைத்தது. கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் தெற்கு அலபாமாவின் பைன் நாட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை மரக் கம்பெனி ஒன்றில் மரம் ஏற்றும் ரயிலை ஓட்டியவர். ஃப்ளோரிடாவில் பைன் பால் வடிக்கும் முகாம்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிய பாட்டுகளைத் தேடி 1939-இல் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் போனார். கடனில் கட்டிப்போடப்பட்ட, கொடுமை நிறைந்த வேலை அது. அந்தக் காட்டின் மரத்தையும் பாலையும் மனிதர்களையும் தேய்த்துத் தின்ற தொழில்களுக்கு நடுவிலிருந்துதான் ப்ளூஸும் கன்ட்ரியும் நற்செய்திப் பாடல்களும் எழுந்தன. அதே கன்ட்ரி இசையின் குரலில், அதே வீடுகளின் வானொலிப் பெட்டி வழியே, தாத்தா செய்துவந்த எரிப்பு ஒரு குற்றம் என்ற செய்தி பேரனுக்குப் போய்ச் சேர்ந்தது. லாரியில் வந்த படக்காட்சிக்கு மசியாத ஊருக்கு ஊர்க்காரன் குரலில் வந்த பாட்டு. எடி ஆர்னால்டின் பட்டப்பெயர் ‘டென்னசி உழவன்’. அந்தக் குரலை நம்பாமல் எப்படி இருப்பார்கள்?

9 கோடி ஏக்கர் காடு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. பாட்டுதான் அழித்தது என்று சொல்வது அபாண்டம். வெட்டியது மரக் கம்பெனிகள், கன்றுகளைத் தோண்டித் தின்றவை பன்றிகள், நிலம் பருத்திக்கும் வேறு பைன்களுக்கும் போனது. ஆனால் மிச்சம் இருந்த காடு மீண்டு வர வேண்டிய நேரத்தில், அதற்கு வேண்டிய தீயை ஊரே பாவமாக எண்ணியது.

மேற்கிலும் கதை இதுதான், காரணங்கள் வேறு. 1910 ஆகஸ்டில் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. பிறந்து ஐந்தே ஆண்டான வனத்துறையின் மனத்தில் அந்தத் தீ ஆறாத வடுவாகத் தங்கியது. 1935-இல் ஓர் ஆணை வந்தது: எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும். வட கலிஃபோர்னியாவில் க்ளாமத் ஆற்றங்கரையின் கருக், யூரோக் பழங்குடி மக்கள் கூடைக்கு வேண்டிய நேரான ஹேசல் தண்டுகளுக்காகவும், ஓக் கொட்டைகள் புழு விழாமல் கிடைப்பதற்காகவும் தலைமுறைகளாக எரித்துவந்தவர்கள். அவர்களுடைய எரிப்பு தீவைப்புக் குற்றமாயிற்று. செக்வோயா மரங்களின் கூம்புகள் தீயின் வெப்பத்தில் விரிந்து விதை உதிர்ப்பவை. எரிந்து சாம்பல் படிந்த வெறும் மண்ணில்தான் விதை நன்றாக முளைக்கும். தீயை அண்டவிடாமல் காத்த தோப்புகளில் இளங்கன்றே இல்லை என்பதைக் கவனித்து, 1960-களில்தான் தேசியப் பூங்காக்களில் மீண்டும் எரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வனத்துறை 10 மணி விதியைக் கைவிட 1978 ஆயிற்று.

ஆனால் லாஸ் பாத்ரெஸுக்குத் திரும்பி வந்தால் எல்லாம் தலைகீழ். ஜே. கிருஷ்ணமூர்த்தி வாழ்ந்த இடமாக நம்மில் பலருக்குப் பெயர் தெரிந்த ஓஹாய், அந்த வனத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 33-ஆம் நெடுஞ்சாலை மலை ஏறுகிறது. ஜானி கேஷ் குடியிருந்த கஸிடாஸ் ஸ்ப்ரிங்ஸும் அந்தச் சாலையில்தான். நான் அங்கே போயிருக்கிறேன். மலைச்சரிவை மூடியிருப்பது உயர்ந்த மரங்கள் அல்ல. ஆளுயரப் புதர்க்காடு, சப்பரல் என்கிறார்கள். இது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிய வேண்டிய காடு அல்ல. முப்பது, ஐம்பது, நூறு ஆண்டுகள்கூட எரியாமல் இருக்க வேண்டியது. அடிக்கடி எரிந்தால் புதர்கள் விதை கொடுக்கும் வயதை எட்டாமலேயே செத்து, வெளிநாட்டுப் புல் வந்து நிரம்பிவிடும். அந்தப் புல் இன்னும் எளிதில் பற்றும். 2017 டிசம்பரில் மூண்ட தாமஸ் தீ ஓஹாயைச் சூழ்ந்து நின்று, அடங்குவதற்குள் 2,81,893 ஏக்கரை எரித்தது. பலத்த காற்றில் மின்கம்பிகள் ஒன்றோடொன்று மோதியதில் பொறி பிறந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அந்தச் சரிவுகளுக்குக் கரடி சொல்வது முழு உண்மை. அங்கே மனிதன் தீ வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கேஷ் எரித்த இடமும் அப்படிப்பட்டதுதான்.

கரடிக்குட்டி கிடைத்த நியூ மெக்சிகோவின் லிங்கன் வனத்தில் பாண்டரோசா பைன்கள் உண்டு. தடித்த பட்டை உடையவை, தரைத்தீயைத் தாங்கிப் பழகியவை. தீ அடிக்கடி ஓடாமல் போனதால் கீழே இளமரங்கள் நெருக்கி வளர்ந்து, தீ உச்சிவரை ஏறுவதற்கு வழி செய்து கொடுத்தன. 2012-இல் கேபிட்டன் இருக்கும் அதே மாவட்டத்தில் ‘லிட்டில் பேர்’ (குட்டிக் கரடி) என்று பெயர் வைக்கப்பட்ட தீ 44,000 ஏக்கருக்கு மேல் எரித்து, 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அதை மூட்டியது மின்னல். உங்களால் மட்டுமே முடியும் என்ற வாசகம் மின்னலிடம் என்ன செய்யும்? அமெரிக்காவில் மூளும் காட்டுத்தீகளில் பத்தில் எட்டுக்கு மேல் மனிதரால் வருபவை. ஆகவே வாசகம் பொய் அல்ல. தீ எப்படிப் பிறக்கிறது என்பதை அது சரியாகச் சொல்கிறது. பிறந்த தீ ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதைச் சொல்லவில்லை.

எழுபதுகளில் கரடியின் பெயர் பாட்டுகளில் வேறு பொருளில் வரத் தொடங்கியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974-இல் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் வண்டியில் வைத்திருந்த இருவழி வானொலியில் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். பல மாநிலங்களின் நெடுஞ்சாலைக் காவலர்கள் கரடி அணிந்த அதே வகைத் தொப்பியை அணிந்ததால் காவலர்களுக்கு ‘ஸ்மோக்கி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேச்சு முழுவதையும் வைத்து 1975-இல் சி. டபிள்யூ. மெக்கால் வெளியிட்ட லாரி ஊர்வலப் பாட்டு, கன்ட்ரி பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. மெக்கால் என்று ஒரு பாடகரே கிடையாது. ஒமாஹாவில் ரொட்டி விளம்பரத்துக்காக உருவான பாத்திரம் அது. குரல் கொடுத்தவர் அந்த விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ். விளம்பரக்காரர்கள் படைத்த கரடியை, விளம்பரக்காரர் படைத்த பாடகர் போலீஸ்காரராக்கிப் பாடினார். 1977-இல் பர்ட் ரெனால்ட்ஸ் நடித்த ‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’ படமும் அதில் ஜெர்ரி ரீட் பாடிய பாட்டும் அந்தப் பொருளை உலகமெங்கும் கொண்டுபோயின. மிரட்டாமல் அன்பாகச் சொல்லும் கரடி என்ற எண்ணம் அந்த லாரிக்காரர்களிடம் இல்லை. மேலிருந்து வந்து தடை சொல்லும் அதிகாரி என்றுதான் கண்டார்கள். தெற்கத்திய உழவரும் கருக் மக்களும் தங்கள் காட்டில் உணர்ந்தது அதைத்தானே.

காட்டுத்தீயைப் பற்றி நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த பாட்டு கரடியின் பாட்டு அல்ல. அது 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானாவின் ‘மேன் கல்ச்’ (Mann Gulch) என்ற பள்ளத்தாக்கில் நடந்ததைப் பற்றியது. பாராசூட்டில் குதித்த 15 தீயணைப்பு வீரர்களும் தரைவழி வந்து சேர்ந்த ஒருவரும் பள்ளத்தாக்கில் இறங்கும்போது, கீழே தீ வழியை மறித்தது. காய்ந்த புல் சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லைக் கொளுத்தினார். அது எரிந்து மேலே போனதும் சாம்பலில் இறங்கி, மற்றவர்களையும் உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார். யாரும் வரவில்லை. உயிருக்கு ஓடுகிறவர்களுக்கு, தலைவர் தீ மூட்டுவது பைத்தியமாகப் பட்டிருக்க வேண்டும். பெருந்தீ சுற்றிக்கொண்டு போனது. சாம்பலில் குப்புறப் படுத்திருந்த டாட்ஜ் எழுந்து நின்றார். பாறை இடுக்கை எட்டிய இருவர் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் 1955-இல் ஹாட்ஜ்கின் நோயால் இறந்தார்.

கனடாவின் ஜேம்ஸ் கீலகன் 1990-களில் இதைப் பாட்டாக்கினார். மரணப்படுக்கையில் இருக்கும் டாட்ஜ் தன்மையில் சொல்வதாக அமைந்த பாட்டு. 1998-இல் க்ரை க்ரை க்ரை என்ற அமெரிக்க மூவர் குழு பாடிய வடிவம்தான் நான் முதலில் கேட்டது. குரல் உயர்வதே இல்லை. இடம், சரிவு, காற்று, புல், நேரம் எல்லாம் பெயரோடு வருகின்றன. தீ அங்கே கொலைகாரனாகவும் இருக்கிறது, காப்பாற்றுகிறவனாகவும் இருக்கிறது. எப்போது எது என்பது நிலத்தையும் நொடியையும் பொறுத்தது. சமவெளிப் புல்நிலங்களின் பழங்குடிகள் இந்த உபாயத்தை முன்பே அறிந்திருந்தார்கள். டாட்ஜுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த நொடியில் தோன்றியது என்றே அவர் சொன்னார். கரடியின் பாட்டு வந்தது அந்த 13 பேர் இறந்த மூன்றாம் ஆண்டில். டாட்ஜ் அன்று கண்டுகொண்டதில் ஒரு சொல்கூட அதில் இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2001-இல் கரடியின் வாசகத்தைத் திருத்தினார்கள். வனத்தீ என்று இருந்தது கட்டுமீறிய காட்டுத்தீ என்ற பொருள் வருமாறு மாறியது. திட்டமிட்டு எரிப்பது தவறு என்று கரடி இனி சொல்லவில்லை. ஃப்ளோரிடா 1990-லேயே அப்படி எரிப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. இன்று அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கருக்கு அனுமதி கிடைக்கிறது. தெற்கின் பைன் காடு 50 லட்சம் ஏக்கரைத் தொட்டு மெல்ல மீண்டு வருகிறது. க்ளாமத் கரையில் கருக் மக்கள் மறுபடியும் எரிக்கிறார்கள். கரடிக்கு 2008 முதல் குரல் கொடுத்த சாம் எலியட், கரடி பிறந்த 1944 ஆகஸ்ட் 9 அன்றே பிறந்தவர். அந்த ஆழ்ந்த குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அறிவிப்பு அறிவிப்புதான். 1952-இன் பாட்டை அசைக்க இன்னொரு பாட்டுதான் வர வேண்டும்.

அந்தப் பாட்டைத் தெற்கிலிருந்து ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும். பிப்ரவரிக் காலையில் பனி ஈரம் காய்வதற்காகக் காத்திருப்பது, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்ப்பது, தீத்தடுப்புக் கோடு போட்டுவிட்டுக் காற்றுக்கு எதிர்த்திசையில் முதல் பொறி வைப்பது, இரண்டு வாரத்தில் கரிக்கு நடுவே புல் தலைகாட்டுவது, காடை திரும்பி வருவது, குருத்து பிழைத்த கன்று என்று அதில் வர எவ்வளவோ இருக்கிறது. நெல்சனும் ராலின்ஸும் எழுதியதைப் போலவே குழந்தைகள் காலைத் தட்டிப் பாடும்படி அது இருக்க வேண்டும். முதல் அடியிலேயே எந்தக் காடு என்று பெயர் சொல்லிவிட வேண்டும்.